மாந்தோப்பில் பூச்சி மாறுகிறது, மரம் ஏன் மாறவில்லை?

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கம் பெங்களூரா ரக மாந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். முன்பெல்லாம் பூவெடுக்கும் நேரத்தில் இரண்டு தடவை மருந்து அடித்தால் இலைப்பேன் என்ற சின்னப் பூச்சி அடங்கிவிடும். இப்போது ஐந்தாறு தடவை அடித்தும் பூ கருகுகிறது, பிஞ்சு கொட்டுகிறது. பூச்சி மருந்துக்குப் பழகிவிட்டது என்கிறார் மருந்துக்கடைக்காரர். பூச்சிக்கே இவ்வளவு சாமர்த்தியம் இருந்தால், தவறிப்போன மழைக்கும் ஏறிப்போன வெயிலுக்கும் மாமரம் ஏன் பழகவில்லை? காட்டை விட்டு ராகிக் கொல்லைக்கு வரும் யானை ஏன் பழகவில்லை? இயற்கை தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்று சொல்கிறார்களே, அதை நம்பலாமா?

உண்மையில் இங்கே கேட்கப்படுவது, சூழல் சட்டென்று மாறும்போது எந்த உயிர் ஈடுகொடுக்கும், எது கொடுக்காது, அதை எது தீர்மானிக்கிறது என்பதுதான். மருந்தும் ஒரு சூழல் மாற்றமே. நேற்றுவரை சாப்பாடாக இருந்த இலை இன்று காலையில் விஷமாகிவிடுவதைவிட வேகமான மாற்றம் பூச்சிக்கு வேறு என்ன வரப்போகிறது? நான் படித்தது வேளாண் பூச்சியியல். பல வருஷம் இந்தப் பக்கத்துத் தோப்புகளிலும் தக்காளிக் காடுகளிலும் சுற்றியவன். அதனால் பூச்சியைப் பற்றி உறுதியாகப் பேசுவேன், மரத்தைப் பற்றி ஓரளவு. யானை என் துறை இல்லை. அதைப் பற்றிச் சொல்வது படித்ததையும் அஞ்செட்டி, தளி பக்கத்துக் காட்டோரக் கிராமங்களில் கேட்டதையும் வைத்துத்தான்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். எந்த ஒரு இலைப்பேனும் மருந்துக்குப் பழகுவதில்லை. மருந்து பட்டால் அது சாகும், இல்லை பிழைக்கும். பிழைத்தது நேற்று எப்படி இருந்ததோ இன்றும் அப்படியேதான் இருக்கிறது. ஒரு தோப்பில் கோடிக்கணக்கில் இருக்கும் இலைப்பேன்களில் எங்கோ சிலவற்றுக்கு அந்த மருந்தை உடைக்கும் நொதி கொஞ்சம் கூடுதலாகச் சுரக்கும். அல்லது மருந்து போய் ஒட்டவேண்டிய நரம்புப் புரதத்தின் வடிவம் இம்மியளவு மாறியிருக்கும். அந்த மாற்றம் மருந்து வருவதற்கு முன்பே இருந்தது. மருந்து இல்லாத காலத்தில் அதனால் ஒரு லாபமும் கிடையாது, சில சமயம் அது சுமைகூட. மருந்து அடித்ததும் மற்றவை செத்து அவை மட்டும் மிஞ்சும், அவற்றின் பிள்ளைகள்தான் அடுத்த கூட்டம். மருந்து ஒரு சல்லடை, அவ்வளவுதான். எது தங்குகிறது, எது கொட்டுகிறது என்பதை அது பிரிக்குமே தவிர, தானியத்தை உண்டாக்காது.

இதைச் சோதனையால் காட்டியவர்கள் சால்வடோர் லூரியாவும் மாக்ஸ் டெல்புரூக்கும், 1943-ல். பாக்டீரியாவைத் தனித்தனிக் குழாய்களில் வளர்த்து, ஒவ்வொன்றையும் அதைக் கொல்லும் வைரஸிடம் விட்டார்கள். வைரஸ் பட்ட பிறகுதான் பாக்டீரியா தன்னை மாற்றிக்கொள்கிறது என்றால் எல்லாக் குழாயிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் பிழைக்க வேண்டும். அப்படி வரவில்லை. பல குழாய்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை, சிலவற்றில் நூற்றுக்கணக்கில் மிஞ்சின. வைரஸைப் பார்ப்பதற்கு முன்பே அந்தச் சில குழாய்களில் தற்செயலாக மாற்றம் வந்து பெருகியிருந்தது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் இல்லை. வயலில் பூச்சி விஷயத்தில் இது பதிவானது அதற்கும் முன்னால். 1914-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மெலாண்டர் என்ற பூச்சியியலாளர், பழமரங்களைத் தாக்கும் செதில்பூச்சி சுண்ணாம்பு-கந்தகக் கரைசலுக்குச் சாகாமல் நிற்பதைப் பார்த்து, பூச்சிகளுக்கு மருந்தெதிர்ப்பு வருமா என்று கேட்டுக் கட்டுரையே எழுதினார். டி.டி.டி. புழக்கத்துக்கு வர இன்னும் முப்பது வருஷம் இருந்தது. ஆகவே, பழைய மருந்துக்கு இப்படியெல்லாம் ஆகாது, இப்போது வருவதுதான் தரமில்லை என்று டீக்கடையில் பேசுவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. பழைய மருந்துக்கும் இதே கதைதான்.

இப்போது இலைப்பேன். பூவெடுத்த நாட்களில் ஒரு பூங்கொத்தை வெள்ளை அட்டையின் மேல் பிடித்து இரண்டு தட்டுத் தட்டுங்கள். பூந்துகளோடு சேர்ந்து விழுபவை ஒரு மில்லிமீட்டர் நீளம், வெளிர் மஞ்சள். அட்டையை வெயிலில் காட்டினால் துகள் கிடந்த இடத்தில் கிடக்கும், இலைப்பேன் ஓரத்தைப் பார்த்து ஊரும். அப்போதுதான் எவ்வளவு இருக்கிறது என்றே தெரியும். பெண் இலைப்பேன் முட்டையை இலைத் திசுவுக்குள் செருகிவிடும், மேலே அடிக்கும் மருந்து அதைத் தொடாது. கூட்டுப்புழு நிலையைச் சருகிலும் மண்ணிலும் கழிக்கும், அங்கும் மருந்து போவதில்லை. முட்டையிலிருந்து முழுப்பூச்சியாக இரண்டு மூன்று வாரம் போதும். மார்கழியில் பூவெடுத்து வைகாசியில் காய் இறக்குவதற்குள் ஏழெட்டுத் தலைமுறை ஓடிவிடும். யானைக்கு ஒரு தலைமுறை என்பது இருபது, இருபத்தைந்து வருஷம். அதன் கணக்கில் எட்டுத் தலைமுறை பின்னால் போனால், நூற்றறுபதிலிருந்து இருநூறு வருஷத்துக்கு முன்னால் போய் நிற்போம். ஒரே ஒரு மா பருவத்தில் இலைப்பேன் கடக்கும் தூரம் அது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது, இது பலருக்குத் தெரியாது. இலைப்பேனில் ஆண் பூச்சி கருவுறாத முட்டையிலிருந்து வருகிறது, அதனால் அதனிடம் ஒவ்வொரு மரபணுவும் ஒரே ஒரு பிரதிதான். மனிதரிலும் மாமரத்திலும் இரண்டு பிரதிகள். ஒன்றில் எதிர்ப்பு இருந்தாலும் இன்னொன்று அதை மறைத்துவிடலாம், பல தலைமுறை வெளியே தெரியாமலே கிடக்கலாம். இலைப்பேனின் ஆணில் மறைந்திருக்க இடமே இல்லை. முதல் தெளிப்பிலேயே அது தேறிவிடும். அப்புறம், மாவைத் தாக்கும் இலைப்பேன்களில் முக்கியமான ஒன்று மிளகாயில் இலை சுருள வைக்கும் அதே இலைப்பேன்தான். ரோஜா, நிலக்கடலை, ஆமணக்கு என்று நூற்றுக்கும் மேற்பட்ட செடிகளில் அது பிழைக்கும். ஓசூரில் பசுமைக்குடில் ரோஜாவுக்கு எவ்வளவு அடிக்கடி மருந்து அடிக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அங்கேயும் மிளகாய்த் தோட்டத்திலும் சலித்து மிஞ்சியவை காற்றோடு உங்கள் தோப்புக்கும் வரலாம். நீங்கள் இதுவரை கையால் தொடாத மருந்துகூட முதல் தடவையே கேட்காமல் போவதற்கு இப்படியும் ஒரு வழி உண்டு.

சரி, உங்கள் தோப்பில் நடப்பது இதுதானா? அதை நான் அடித்துச் சொல்ல மாட்டேன். மருந்தெதிர்ப்பு இல்லாமலேயே இதே நிலைமை வரும். மழை காலம் தப்பி மார்கழியில் பெய்தால் பூ ஒரே அலையாக வராமல் இரண்டு மூன்று தவணையாக வரும். இலைப்பேனுக்குப் பந்தி நீள்கிறது, தலைமுறையும் கூடுகிறது. இருபது வருஷத்து மரத்துக்குக் கீழே நின்று அடிக்கும் மருந்து உச்சிக்கொம்பைத் தொடுவதே இல்லை. பைரித்ராய்டு வகை மருந்துகளை அடித்தால் சிலந்தி, பொறிவண்டு, இலைப்பேனைத் தின்னும் மூட்டைப்பூச்சி இனம் எல்லாம் முதலில் காலி. பத்து நாளில் இலைப்பேன் திரும்பி வரும்போது தடுக்க ஆள் இருக்காது. கடையில் கொடுத்ததே கலப்படமாகவும் இருக்கலாம். மருந்தெதிர்ப்பா என்று தெரிய, தோப்பிலிருந்து பிடித்த இலைப்பேனையும் மருந்தே படாத இடத்து இலைப்பேனையும் ஒரே அளவு மருந்தில் தோய்த்த இலையில் விட்டு ஒப்பிட வேண்டும். அது வீட்டில் செய்கிற வேலை இல்லை. பையூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கே கேட்டுப் பாருங்கள்.

திடீர்ப் பெருக்கம் எல்லாமே பரிணாமம் இல்லை என்பதற்கு நம் மாநிலத்திலேயே பெரிய உதாரணம் உண்டு. 2008-ல் கோயம்புத்தூரில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி ஓரிரு வருஷத்தில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றையும் வெள்ளையாக மூடியது. என்ன அடித்தும் அடங்கவில்லை. அதுவும் ஏதோ மாறிவிட்ட பூச்சி என்றுதான் ஊரில் பேச்சு. ஆனால் அந்தப் பூச்சி கொஞ்சமும் மாறவில்லை. மெக்சிகோ பக்கத்திலிருந்து தன் எதிரிகளை விட்டுவிட்டு வந்திருந்தது, அவ்வளவுதான். 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதன் ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்டதும் ஒரு வருஷத்துக்குள் அடங்கிப்போனது. மருந்தைக் கூட்டிக்கொண்டே போயிருந்தால் அந்தக் குளவிகளையும் கொன்றிருப்போம்.

மரத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மாமரம் ஏன் பழகவில்லை? காரணத்தில் பாதி, தலைமுறை நீளம். கொட்டையிலிருந்து வளர்த்தால் காய்க்க ஆறேழு வருஷம். மீதிப் பாதியை நாமேதான் செய்து வைத்திருக்கிறோம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா எல்லாமே ஒட்டுக்கன்று. ஒரு மரத்தின் குச்சியை எடுத்து இன்னொரு நாற்றில் கட்டி, அதிலிருந்து மறுபடி குச்சி எடுத்து வளர்த்தவை. பர்கூரில் நிற்கும் பெங்களூராவும் வேப்பனப்பள்ளியில் நிற்கும் பெங்களூராவும் மேல்பாகத்தைப் பொறுத்தவரை ஒரே மரம், ஒரே மரபணு. சல்லடையில் போட ஒரே அளவு தானியம்தான் இருக்கிறது என்றால் ஒன்று எல்லாம் தங்கும், இல்லை எல்லாம் கொட்டும். எவ்வளவு வெயில் அடித்தாலும் அந்தக் கூட்டத்திலிருந்து வெயில் தாங்கும் பெங்களூரா தானாகக் கிளம்பி வராது. எப்போதாவது ஒரு கிளையில் தற்செயலான மாற்றம் வரும், ஆனால் அதை நம்பி இருக்க முடியாது. ஒரே ஒரு இடத்தில் விதவிதம் ஒளிந்திருக்கிறது: வேர்ச்செடி. அது நாட்டு மாங்கொட்டையில் முளைத்தது, கன்றுக்குக் கன்று வேறு. வறட்சி வருஷத்தில் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்து மரங்கள் ஒன்று வாடி ஒன்று தாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மண்ணின் ஆழம் முதல் காரணம், வேர்ச்செடியும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

பரிணாமம் இல்லையென்றால் மரம் சும்மா நிற்கிறது என்று அர்த்தமில்லை. தன் மரபணுவை மாற்றாமலேயே உடம்பையும் நடத்தையையும் மாற்றிக்கொள்வது இன்னொரு வழி, எல்லா உயிர்களுக்கும் கொஞ்சம் உண்டு. மாமரம் பூவெடுக்க முற்றிய தளிர் வேண்டும், மண் கொஞ்சம் காய வேண்டும், குளிர்ந்த இரவுகள் வேண்டும். குளிர் தள்ளிப்போனால் மரமும் பூவைத் தள்ளிப்போடும், வெயில் கூடினால் இலைத்துளையை மூடும், தாங்காத பிஞ்சை உதிர்க்கும். பிஞ்சு கொட்டுவது உங்களுக்கு நஷ்டம், மரத்துக்கு அது பிழைக்கும் வழி. ஆனால் இந்த வளைவுக்கு ஓர் எல்லை இருக்கிறது, அது பழைய காலத்துத் தட்பவெப்பத்துக்கு ஏற்ப அமைந்த எல்லை. ஒகேனக்கல்லில் முதலை பார்த்திருப்பீர்கள். அந்தச் சதுப்பு முதலையில் குட்டி ஆணா பெண்ணா என்பதை முட்டை புதைந்திருக்கும் மணலின் சூடு தீர்மானிக்கிறது. சுமார் 31 டிகிரி வரை பெண், 32.5 டிகிரியை ஒட்டி ஆண். ஒன்றரை டிகிரியில் கூட்டமே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். தாய் முதலை நிழலான மணலில் குழி தோண்டலாம், சில வாரம் முன்னால் முட்டையிடலாம். கரையில் அப்படி இடம் இருக்கிறவரை அது சமாளிக்கும்.

யானையும் இந்த இரண்டாவது வழியில்தான் பிழைக்கிறது. இருபத்திரண்டு மாதம் சுமந்து ஒரு கன்று, அடுத்த கன்றுக்கு நாலைந்து வருஷ இடைவெளி. இந்த வேகத்தில் மரபணுவால் மாற அதற்கு நேரம் கிடையாது, ஆனால் கற்றுக்கொள்வதில் அதற்கு ஈடில்லை. பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு ஒவ்வொரு வருஷமும் ராகி கதிர் முற்றும் நேரம் பார்த்து வருகிறது. பட்டாசுக்கு முதல் வருஷம் ஓடுகிறது, பிறகு காதை ஆட்டிவிட்டு மேய்கிறது. மின்வேலியின் மேல் மரத்தைத் தள்ளிச் சாய்த்துவிட்டுக் கடக்கிறது. 2023 பிப்ரவரியில் பாலக்கோடு பக்கம் பிடித்த ஒரு மக்னாவை, அதாவது தந்தமில்லாத ஆண் யானையை, ஆனைமலையில் கொண்டுபோய் விட்டார்கள். சில நாட்களில் அது இறங்கிக் கோயம்புத்தூர் நகரத்துக்குள்ளேயே நடந்துவிட்டது. பழகவில்லை என்று நீங்கள் சொல்வது என் பார்வையில் தலைகீழ். யானை நன்றாகவே பழகிவிட்டது, நம் பயிருக்கு. இந்த வழியின் ஆபத்தும் அங்கேதான். போன வருஷம் பலித்த பாடம் இந்த வருஷம் கொல்லும். 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி அருகே திருட்டுத்தனமாகப் போட்டிருந்த மின்கம்பியில் மூன்று பெண் யானைகள் ஒரே இரவில் செத்தன, குட்டிகள் இரண்டு மட்டும் மிஞ்சின. வீட்டு மின்சாரத்தை நேரே கொடுத்த கம்பி இரண்டாவது வாய்ப்பு தராது, அதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை.

யானைக்கும் மரபணு வழி அடியோடு இல்லை என்று சொல்லிவிட முடியாது. மொசாம்பிக்கின் கோரோங்கோசாவில் 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தந்தத்துக்காக நூற்றுக்குத் தொண்ணூறு யானைக்கு மேல் கொன்றார்கள். அதற்கு முன் பெண் யானைகளில் தந்தமில்லாதவை ஐந்தில் ஒன்றுக்கும் கீழே, பிறகு பாதி. 2021-ல் இதன் மரபியலையும் வெளியிட்டார்கள். அந்த மாற்றம் பெண்ணைக் காப்பாற்றுகிறது, ஆண் கருவைக் கொன்றுவிடுவதாகத் தெரிகிறது. இதைப் படித்துவிட்டு, நம் காவிரிக் காட்டிலும் எண்பதுகளில் தந்த வேட்டை நடந்ததே, அதனால்தான் மக்னாக்கள் கூடிவிட்டனவா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த முடிவை இங்கே தூக்கி ஒட்ட முடியாது. ஆசிய யானையில் பெண்ணுக்கு வெளியே நீளும் தந்தமே கிடையாது, கணக்கு ஆணின் மேல் போகிறது. மரபு முறையும் அதுவேதான் என்று காட்டப்படவில்லை. இலங்கையில் ஆண் யானைகளில் மிகப் பெரும்பாலானவை தந்தமற்றவை என்பது உண்மை. அதில் வேட்டைக்கு எவ்வளவு பங்கு, சின்னத் தீவில் அடைபட்ட கூட்டத்தின் தற்செயலுக்கு எவ்வளவு பங்கு என்பது விவாதத்தில் இருக்கிறது.

மனிதனை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். தருமபுரிக்காரர்களுக்கு ஃபுளோரைடைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, பல்லில் பழுப்பு வரி விழுந்த ஆட்களைப் பார்த்தே வளர்ந்தோம். இத்தனை காலம் குடித்தும் உடம்பு ஏன் பழகவில்லை? ஃபுளோரைடு மூட்டை முடக்குகிறது, பல்லைக் கெடுக்கிறது, ஆனால் அந்த முடக்கம் பெரும்பாலும் பிள்ளை பெற்று வளர்த்த வயதுக்குப் பிறகு வருகிறது. எவ்வளவு வலியைக் கொடுத்தாலும், யாருக்கு எத்தனை பிள்ளை என்பதை மாற்றாத ஒன்றைப் பரிணாமம் கண்டுகொள்ளாது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊரே குடிக்கத் தொடங்கியதும் இரண்டு மூன்று தலைமுறைக் கதைதான். இதற்கு நேர் எதிரான ஊர் ஒன்று அர்ஜென்டினாவின் ஆண்டிஸ் மலையில் இருக்கிறது, சான் அன்டோனியோ டி லாஸ் கோப்ரெஸ். அங்கே தண்ணீரில் ஆர்செனிக். அந்தப் பகுதியில் ஆயிரக்கணக்கான வருஷமாக மக்கள் அதைக் குடித்து வந்திருக்கிறார்கள். ஆர்செனிக்கைச் சீக்கிரம் வெளியேற்றும் மரபணு வகை அவர்களிடம் மற்றவர்களைவிட மிக அதிகம் என்று 2015-ல் காட்டினார்கள். ஆக, மனித உடம்பும் மாறும். அதற்கு ஆன காலத்தையும், அந்தக் காலத்தில் எத்தனை குழந்தைகள் செத்திருக்கும் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது எனக்கு அதைவிட நல்ல வழியாகத் தெரிகிறது.

இயற்கை தானே சரிசெய்துகொள்ளும் என்பதற்கான என் பதிலும் இதிலேயே இருக்கிறது. சரிசெய்யும், பெரும்பாலும் சாவின் வழியாக. கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் டாப்னே மேஜர் என்ற சின்னத் தீவில் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி குருவிகளின் அலகை வருஷக்கணக்கில் அளந்துகொண்டிருந்தார்கள். 1977-ல் மழை பொய்த்தது, சின்ன விதைகள் தீர்ந்து பெரிய கடினமான விதைகள்தான் மிஞ்சின. அடுத்த தலைமுறையின் அலகு சராசரி கண்ணால் பார்க்குமளவு தடித்தது. இதைப் பரிணாமம் கண் முன்னே நடந்த அழகான சாட்சி என்று எல்லோரும் சொல்கிறோம். அந்த ஒரு வருஷத்தில் நூற்றுக்குச் சுமார் எண்பத்தைந்து குருவி செத்தது என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. 1983-ல் மழை கொட்டியதும் சின்ன விதைகள் திரும்ப வந்தன, தேர்வு எதிர்ப்பக்கம் திரும்பியது. கூட்டம் பெரிதாகவும் விதவிதமாகவும் இருந்தால் இந்த விலையைக் கொடுத்து மீளும். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் தொழிற்சாலைக் கழிவு கலந்த கழிமுகங்களில் வாழும் கில்லி மீன்கள் சாதாரண மீனைக் கொல்லும் அளவைப்போல் பல ஆயிரம் மடங்கு நச்சைத் தாங்குகின்றன. அந்த மீன் இலட்சக்கணக்கில் இருந்தது, மரபணுவில் அவ்வளவு வகை இருந்தது. கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும் தண்ணீரில் ஜிலேபி மீனும் ஆகாயத்தாமரையும் செழிப்பதைக் காட்டி இங்கேயும் அதே மாதிரி நடந்துவிட்டது என்பார்கள். அவை அழுக்கைத் தாங்கும் உடம்போடு வெளியிலிருந்து வந்தவை. மாற வேண்டிய உள்ளூர் மீன்கள் மாறாமல் போனதால்தான் அவற்றுக்கு இடம் கிடைத்தது.

உறுதி குறைவான இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். கொல்லாத அளவு குறைந்த மருந்து சில பூச்சிகளில் இனப்பெருக்கத்தைத் தூண்டிவிடும் என்பது அசுவினி போன்றவற்றில் சோதனைச் சாலையில் காட்டப்பட்டிருக்கிறது. நம் மாந்தோப்பில் உச்சிக்கொம்புக்கு அரைகுறையாகப் போய்ச் சேரும் மருந்து அதையே செய்கிறதா என்பது நியாயமான சந்தேகம், முடிவான விஷயம் இல்லை. இன்னொன்று, தாய் பட்ட கஷ்டத்தின் சுவடு மரபணு மாறாமலேயே பிள்ளைக்குப் போகும் என்பது. செடிகளிலும் சில பூச்சிகளிலும் ஓரிரு தலைமுறைக்கு இது நடக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு, நாற்றை வாட்டி வளர்த்தால் பரம்பரையே வறட்சி தாங்கும் என்று விற்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள்.

இனி உங்கள் தோப்பு. முதல் வேலை, மருந்தின் கம்பெனிப் பெயரை மறந்துவிட்டு டப்பாவில் சின்ன எழுத்தில் இருக்கும் வேதிப்பெயரைப் பார்ப்பது. பூச்சிக்கொல்லிகளை அவை செயல்படும் விதத்தை வைத்து எண் கொடுத்துப் பிரித்திருக்கிறார்கள். இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சாம், அசிட்டாமிபிரிட் மூன்றும் ஒரே குழு, 4ஏ. லாம்டா சைஹலோத்ரின், டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் எல்லாம் முன்பு சொன்ன பைரித்ராய்டுகள், 3ஏ. மூன்று தடவை மூன்று டப்பா மாற்றி அடித்தேன் என்று ஒருவர் சொல்லும்போது, வேதிப்பெயரைக் கேட்டால் மூன்றும் 4ஏ-வாக இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். பூச்சிக்கு அது ஒரே மருந்து மூன்று தடவை. ஒரு பூப்பருவத்தில் ஒரு குழு ஒரு தடவைக்கு மேல் வரக்கூடாது. இரண்டு மூன்று மருந்தை ஒரே டேங்கில் கலந்து அடிப்பதையும் விடுங்கள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே நேரத்தில் தேறியவைதான் மிஞ்சும்.

அடுத்து, எல்லா மரத்துக்கும் அடிக்காமல் ஓரத்தில் இரண்டு வரிசையை விட்டுவிடுங்கள் என்று நான் சொன்னால் தோப்புக்காரர்கள் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். காரணம் இருக்கிறது. அங்கே மருந்துக்குச் சாகும் பூச்சிகள் பிழைத்து, எதிர்ப்புள்ளவற்றோடு கலந்து, எதிர்ப்பு பரவும் வேகத்தைக் குறைக்கும், இரைவிழுங்கிகளும் அங்கே தங்கும். பருத்தியில் இதன் பலனைப் பார்த்தோம். காய்ப்புழுவைக் கொல்லும் நச்சைத் தானே உண்டாக்கும் பி.டி. பருத்தி இங்கே 2002-ல் வந்தபோது சுற்றிலும் சாதாப் பருத்தி போடச் சொன்னார்கள், பெரும்பாலானவர்கள் போடவில்லை. 2010 வாக்கில் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் பி.டி. ரகத்தின் நச்சைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவில் சாதாப் பருத்தியை ஒழுங்காகப் போட்டு, மலட்டு அந்துப்பூச்சிகளையும் பறக்கவிட்டு, 2018-ல் அந்தப் புழுவே நாட்டில் இல்லை என்று அறிவித்தார்கள். பூச்சி அங்கும் அதே பூச்சிதான். இலைப்பேனில், ஆணுக்கு ஒற்றைப் பிரதி என்பதால், இந்த உத்தி பருத்தியில் பலித்த அளவுக்குப் பலிக்காது என்று நினைக்கிறேன். இரைவிழுங்கிகளுக்காகவாவது ஒரு வரிசையை விடலாம்.

வெயிலைப் பற்றிய கவலைக்கு மருந்து கிடையாது, விதவிதம்தான் வழி. புதுக்கன்று வைக்கும்போது முழுக்கப் பெங்களூராவாக வைக்காமல் செந்தூரா, நீலம் என்று பூவெடுக்கும் காலம் வேறுபடும் ரகங்களைக் கலந்து வையுங்கள். கூழ் ஆலைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. வேலியோரத்தில் நாட்டு மா நின்றால் வெட்டாதீர்கள், நாளைக்கு யாராவது ரகம் தேடும்போது அந்த மரங்களில்தான் தேட வேண்டியிருக்கும். போன பருவம் நீங்கள் அடித்த மருந்துகளின் வேதிப்பெயரையும் அடித்த வாரத்தையும் வரிசையாக இங்கே எழுதிப் போடுங்கள். எந்தக் குழு திரும்பத் திரும்ப வந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால், வருகிற மார்கழிக்கு எதை முதலில் நிறுத்த வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.